எண்ணெய் விளக்கு

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்திலே, மலைகள் வளைந்து நிற்கும் ஒரு கிண்ணத்தின் அடியிலே கிடப்பது. இங்கிருந்து பண்டாரவளைக்குப் போகிறவர் ஹாலி எலவைத் தாண்டியதும் ஏறத் தொடங்கவேண்டும். ஏறி முடிக்கையில் 1,200 மீட்டருக்கு மேலே நிற்பார். புகைவண்டி இந்த உயரத்தைத் தெமோதரையிலே தன் வாலைத் தானே சுற்றிக்கொள்ளும் பாம்பு போல ஒரு வட்டமடித்துச் சமாளிக்கிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உபாயம் இல்லை. திருப்பத்துக்குத் திருப்பம் கியரை இறக்கி, எஞ்சினை முனகவிட்டுத்தான் ஏறவேண்டும்.

அப்படி ஏறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலிலேதான் எமது வண்டியின் எண்ணெய் விளக்கு கண் சிமிட்டியது.

வண்டி என்று சொன்னால் வாசகர்கள் பெரிதாக எதையும் எண்ணிவிடவேண்டாம். எந்தையார் தோட்டத்திலே பெரிய கிளாக்கராக இருந்த காலத்திலே பழைய வண்டியாகவே வாங்கி, எமக்கு விட்டுப்போன மொறிஸ் மைனர் அது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இவ்வினம் 1948ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வெளிவந்தது. 1960ஆம் ஆண்டின் இறுதியிலே பத்து இலட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு இறங்கியது. 1971ஆம் ஆண்டுடன் அங்கே உற்பத்தி நின்றது. இலங்கையிலோ அது நிற்கவேயில்லை எனலாம். 1990களிலே, இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை இங்கேயே செய்து கப்பலேற்றினார்கள். பெற்ற நாட்டுக்கு வளர்த்த நாடு சீர்வரிசை அனுப்பிய கதை அது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் சொந்தப் பாவனைக்குரிய வண்டிகளுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே, கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த எத்தனையோ மைனர்கள் கொட்டிலை விட்டு வெளியே வந்து வர்ணம் பூசிக்கொண்டன.

விளக்குக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும் அது எரியவேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். அதன் தர்மம் அவ்வளவுதான். அன்று தெமோதரைக்கு அப்பால் ஒரு கூர்மையான திருப்பத்திலே வேகம் குறைந்தபோது அது மங்கலாக எரிந்தது. வேகம் எடுத்ததும் அணைந்தது. அடுத்த திருப்பத்திலே மறுபடி எரிந்தது. வீதியோரத்திலே நிறுத்தி அளவுக்கோலை இழுத்துப் பார்த்தோம். எண்ணெய் மேற்கோடு வரை இருந்தது. எண்ணெய் குறைந்திருந்தால் மகிழ்ந்திருப்போம். எண்ணெய் இருந்தும் விளக்கு எரிகிறதென்றால், இருக்கும் எண்ணெய் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்பதே பொருள்.

எம்மைச் சுற்றி நால்வர் கூடிவிட்டார்கள். மலைநாட்டு வீதியிலே ஒரு வண்டியின் மூடி திறந்திருந்தால் அங்கே சபை கூடிவிடும். அவர்களிலே ஒருவர் மிகுந்த அனுதாபத்துடன், "சேர், அந்த வெளக்குக் கம்பியக் கழட்டி விட்டுருங்க. எங்க மொதலாளி வேன்ல அப்புடித்தான் ஓடுது" என்றார். அந்த வேன் இப்பொழுதும் ஓடுகிறதா என்று கேட்க எமக்குத் துணிவு வரவில்லை. தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பிய லொறி ஒன்று எமது வண்டியைக் கயிற்றிலே கட்டி ஹாலி எலவுக்கு இழுத்துவந்தது.

இதிலே எமக்கிருந்த கவலை வண்டியைப் பற்றியது மட்டுமன்று. அன்றிலிருந்து பதினாறாம் நாள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை தொடங்கவிருந்தது. நமுனுகுலை மலைச்சரிவிலே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து எமது மாணவியர் இருவர் பதுளையிலுள்ள நிலையத்துக்கு வரவேண்டும். காலைப் பேருந்து அந்தத் தோட்டப் பாதையிலே வந்தாலும் வரும். முதல்நாள் இரவு மழை பெய்து மண் சரிந்திருந்தால் வராது. பரீட்சை நாட்களிலே நாமே போய் அழைத்துவருவதாக அவர்களுடைய பெற்றோரிடம் வாக்குக் கொடுத்திருந்தோம். தினமும் முச்சக்கரவண்டி அமர்த்துவதென்றால், கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியின் ஒரு நாட்கூலி ஒரு பயணத்துக்கே போதாது.

இனி, விளக்கின் பின்னே நடப்பது என்ன என்பதை மாணவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

எஞ்சினுக்குள்ளே உலோகத்தின் மேல் உலோகம் உரசுவதாகத்தான் பலரும் எண்ணுகிறார்கள். சரியாக இயங்கும் எஞ்சினிலே அப்படி உரசுவதில்லை. கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயாரிங்குக்கும் இடையிலே தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. தண்டு அதன்மேல் மிதக்கிறது. 1883ஆம் ஆண்டளவிலே இங்கிலாந்திலே போஷம்ப் டவர் என்பவர் புகைவண்டி அச்சுகளின் பெயாரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பெயாரிங்கின் உச்சியிலே துளையிட்டார். தண்டு சுழன்றபோது எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியே வெளியே பொங்கியது. மரக்கட்டையால் அடைத்தார்; கட்டை பிதுங்கி வெளியே வந்தது. அழுத்தமானியைப் பொருத்தினார், சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலுக்கு மேல் காட்டிற்று. சுழலும் தண்டு எண்ணெயை ஆப்புப் போல இடுக்குக்குள்ளே இழுத்துச் செல்கிறது, அந்த ஆப்பே பாரத்தைத் தூக்குகிறது என்று 1886ஆம் ஆண்டிலே ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித முறையால் நிறுவினார்.

ஆகவே, தண்டைத் தூக்கி நிறுத்துவது எண்ணெய்ப் பம்ப் அன்று, தண்டின் சுழற்சியே. பம்பின் வேலை, அந்த இடுக்கு வறண்டுவிடாமல் இடைவிடாது ஊட்டிக்கொண்டிருப்பது. ஊட்டுவது நின்றால் படலம் கிழியும். உலோகம் உலோகத்தைத் தொடும். சில நிமிடங்களிலே பெயாரிங் உருகித் தண்டைக் கவ்விக்கொள்ளும். அதன்பின் எஞ்சின் வெறும் இரும்பு.

(இடையிலே ஒரு சொல். பூமியிலிருந்து எடுத்த, சுத்திகரிக்காத எண்ணெயை எமது பத்திரிகைகள் "மசகு எண்ணெய்" என்று எழுதிவருகின்றன. வண்டியச்சுக்கு இடும் வழுவழுப்பான பொருளுக்கன்றோ மசகு என்று பெயர்! வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிலே குழைத்து வண்டிக்காரர்கள் பூசிய மசகு, கப்பலிலே வரும் கச்சாப் பொருளின் பெயராகிவிட்டது. உண்மையான மசகு எண்ணெய்க்கோ கராஜிலே "ஒயில்" என்றே பெயர். சொற்களும் தேய்கின்றன போலும்.)

பழைய எஞ்சின்களுக்குப் பம்ப் இருக்கவில்லை. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்ட் 'டி' வண்டியிலே சுழலும் பாகங்கள் எண்ணெயை வாரித் தெளித்தன. தெளித்தது தானாக வடிந்து போய்ச் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தது. வேகமும் பாரமும் கூடக்கூட அந்த முறை போதாமற் போயிற்று. எமது மைனரின் எஞ்சினிலே எண்ணெய் செல்லும் வழி இது: அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியிலிருந்து ஒரு கம்பிவலை வழியாகப் பம்புக்கு, பம்பிலிருந்து வடிகட்டிக்கு, அங்கிருந்து எஞ்சினின் நீளம் முழுதும் ஓடும் பெருவழிக்கு, பெருவழியிலிருந்து தண்டைத் தாங்கும் மூன்று பெயாரிங்குகளுக்கு, தண்டினுள்ளே துளைத்த வழிகளால் நான்கு பிஸ்டன் கோல்களின் அடிக்கு, ஒரு கிளை மேலே வால்வுகளுக்கு. அழுத்தம் 60 இறாத்தலைத் தாண்டினால் வில்லோடு கூடிய ஒரு வால்வு திறந்து மிகுதியைத் தொட்டிக்கே திருப்பிவிடும்.

பம்ப் உள்ளங்கையிலே அடங்கும். அதற்குள்ளே இரண்டு சுழலிகள்: உள்ளே நான்கு முனையுள்ளது, அதைச் சுற்றி வெளியே ஐந்து குழியுள்ளது. ஒன்று குறைவாயிருப்பதிலேதான் சூட்சுமம். நான்கும் ஐந்தும் சேர்ந்து சுழலும்போது ஒரு பக்கத்திலே இடைவெளி விரிந்து எண்ணெயை உறிஞ்சும். மறுபக்கத்திலே சுருங்கிப் பிழிந்து தள்ளும். கேம் தண்டின் வால்முனை இதைச் சுற்றுகிறது. ஆதலால் எஞ்சின் இரு சுற்றுச் சுற்றினால் பம்ப் ஒரு சுற்றுச் சுற்றும்.

ஹாலி எலவிலே நாம் நம்பிச் செல்லும் பாஸ் ஒருவர் இருக்கிறார். லயத்திலே பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையிலே எண்ணெய் விடும் பையனாய்த் தொழில் தொடங்கி, இன்று சொந்தமாகத் தகரக் கொட்டில் ஒன்றிலே கராஜ் நடத்துபவர். பள்ளியிலே ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அன்று அவர் செய்த பரிசோதனையை எமது விஞ்ஞான மாணவர்கள் பார்த்திருக்கவேண்டும் என்று விரும்பினோம்.

பம்பை மாற்றுங்கள் என்று நாம் சொன்னோம். அவர் சிரித்தார். "வெளக்கு எரியுதுன்னா பம்புதான்னு யாரு சேர் சொன்னது?" என்றார். விளக்கின் சுவிட்சே பொய் சொல்லலாம். ஆகவே அதைக் கழற்றி அவ்விடத்திலே அழுத்தமானி ஒன்றை முறுக்கினார். குளிர்ந்த எஞ்சின் 50 காட்டிற்று. சிறிது நேரம் ஓடிச் சூடேறி எண்ணெய் இளகியதும், மெதுவாய் ஓடுகையில் முள் ஐந்துக்கும் கீழே விழுந்தது; பதினைந்தாவது நிற்கவேண்டும். வேகமாய் ஓட்டினாலும் 25ஐத் தாண்டவில்லை. விளக்கு பொய் சொல்லவில்லை. அடுத்து, மிகுதி வால்வையும் வில்லையும் கழற்றித் துடைத்துப் பார்த்தார், பழுதில்லை. எஞ்சியவை மூன்று: தொட்டியிலுள்ள வலை அடைத்திருக்கலாம், பெயாரிங் தேய்ந்து எண்ணெய் கண்டபடி ஒழுகலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். "பெயாரிங் தேஞ்சிருந்தா நூறு பம்பு போட்டாலும் பிரயோசனமில்ல. ஓட்டக் கொடத்துக்குப் பெரிய கொழாய் வச்ச கதைதான்."

இவ்விடத்திலே இன்னொருவருடைய ஆலோசனையும் வந்தது. தடித்த எண்ணெய் ஊற்றினால் முள் ஏறும் என்றார் அயற்கடைக்காரர். ஏறும் என்பது மெய்யே. பழைய வண்டி விற்பவர்கள் அறிந்த வித்தை அது. ஆனால் தடித்த எண்ணெய் காலைக் குளிரிலே இடுக்குக்குள் புகத் தாமதிக்கும். முள்ளுக்குச் செய்யும் வைத்தியம் எஞ்சினுக்குச் செய்யும் வைத்தியம் ஆகாது.

மைனரின் பம்பை மாற்றுவது மற்ற வண்டிகளிலே போல் எளிதன்று. அது எஞ்சினின் பின்முதுகிலே, பிளைவீலுக்கும் பின்தகட்டுக்கும் மறைவிலே ஒளிந்திருக்கிறது. உள்ளங்கை அகலப் பொருளுக்காக எஞ்சின் முழுவதையும் வெளியே தூக்கவேண்டும். இசிகோனிஸின் புகழிலே எமக்கு மறுப்பில்லை; ஆயினும் இந்த எஞ்சினை வரைந்தவர்களிலே ஒருவராவது பதுளை வீதியிலே ஒரு பம்பை மாற்றிப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நான்காம் நாள் மாலை நினைத்துக்கொண்டோம்.

மூடியையும் ரேடியேற்றரையும் கழற்றினார்கள். கொட்டிலின் தகரக்கூரை பாரம் தாங்காதாகையால் மூன்று யூக்கலிப்டஸ் கம்பங்களை முக்காலியாகக் கட்டி, உச்சியிலே செயின் புளொக்கைத் தொங்கவிட்டார்கள். எஞ்சின் அங்குலம் அங்குலமாக எழுந்து, மழைக்கு நனையாதபடி விரித்த பிளாஸ்திக்கு விரிப்பின் கீழே ஊஞ்சலாடிற்று. கிளச்சையும் பிளைவீலையும் கழற்றுமுன் அவை இருந்த நிலையைக் கூரிய உளியாலே குறியிட்டார் பாஸ். பழைய நிலையிலே பூட்டாவிட்டால் எஞ்சின் அதிரும்.

முதலிலே தொட்டி. வலையிலே கரிப்பசை இருந்தது, அடைப்பில்லை. பிறகு ஒவ்வொரு பெயாரிங் மூடியாய் இறக்கினார். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்றால் மிகையன்று. தண்டு கீறியிருந்தால் அதைக் கொழும்புக்கு அனுப்பிக் கடைந்தெடுக்கவேண்டும், பரீட்சைக்குமுன் வண்டி எழும்பாது. மெல்லிய ஓடுகள் மங்கலாய் மினுங்கின, நகத்தாலே தடவினார், நகம் இடறவில்லை. "தப்பிச்சீங்க சேர். இன்னும் ரெண்டு மைல் ஓட்டியிருந்தா இது இருக்காது."

கடைசியிலே பம்ப். திறந்ததும் கண்ணுக்கே தெரிந்தது: சுழலிகளின் முகத்திலும் மூடியிலும் வட்டம் வட்டமாய்க் கீறல்கள். இடைவெளி அளக்கும் எஃகுத் தகடுகளை எடுத்தார். இரண்டு சுழலிகளின் முனைகளுக்கு இடையே அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்குக்குமேல் இடைவெளி இருக்கலாகாது. பத்துப் பங்குத் தகடு தாராளமாய்ப் புகுந்தது. பிழிந்த எண்ணெய் அந்த வழியாகவே பின்னோக்கி வழுவிற்று. குளிரிலே தடித்திருக்கையில் வழுவ இயலவில்லை, சூடேறியதும் வழுவியது. விளக்கு மலையிலே மட்டும் எரிந்ததன் மர்மம் அதுதான்.

வடிகட்டி இருந்தும் பம்ப் ஏன் கீறியது என்று கேட்டோம். விடை எண்ணெயின் வழியிலேயே இருக்கிறது. வடிகட்டி பம்புக்குப் பின்னே நிற்பது. மற்றெல்லாப் பாகங்களும் வடிகட்டிய எண்ணெயை உண்கின்றன. பம்ப் ஒன்று மட்டும் தொட்டியிலுள்ளதை அப்படியே விழுங்குகிறது. வலை கற்களைத் தடுக்கும், பொடியைத் தடுக்காது. ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் ஆடி, ஆவணி வறட்காற்றுத் தோட்டப் பாதைகளிலே எழுப்பும் செம்புழுதியை அறிந்தவர்களுக்கு மிகுதியைச் சொல்லவேண்டியதில்லை. காற்று வடிகட்டியைத் துடைக்காமல் இரண்டு பருவம் ஓட்டியது எமது குற்றமே.

புதிய பம்ப் கொழும்பிலே, பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டும். உதிரிப்பாகத்துக்கு அங்கே போவது, நெல்லுக்கு வயலுக்குப் போவது போன்றது. கடையொன்றிலே சொல்லி, பேருந்திலே பொதியாக வரவழைத்தோம். பெட்டி புதிது, பம்பும் புதிது, பொருந்தவில்லை. இவ்வெஞ்சின் இனம் அரை நூற்றாண்டு உற்பத்தியிலே இருந்தது. காலத்துக்குக் காலம் பம்பும் கேம் தண்டும் கோத்துக்கொள்ளும் முனையை மாற்றினார்கள். ஒன்றிலே ஊசி, ஒன்றிலே பள்ளம், ஒன்றிலே நட்சத்திரம் போன்ற சில்லு. எமக்கு வந்தது வேறொன்று. அரத்தினாலே கொஞ்சம் தேய்த்தால் ஏறிவிடும் என்று தொலைபேசியிலே கடைக்காரர் ஆறுதல் சொன்னார். பாஸ் பம்பைப் பெட்டியிலே வைத்து மூடினார். "திருப்பி அனுப்புங்க சேர். நாலு நாள் போனாப் போவுது." பரீட்சைக்கு அப்பொழுது எட்டு நாள் இருந்தது. பழைய பம்பைப் புகைப்படமெடுத்து அனுப்பி, ஐந்தாம் நாள் சரியான முனையுள்ளதைப் பெற்றோம். அதையும் நம்பிவிடாமல் திறந்து தகடுகளாலே அளந்த பின்னரே கையிலெடுத்தார். மூன்று பங்குத் தகடே இறுகி நின்றது.

பூட்டும்போதுதான் நாம் மறக்கமுடியாத ஒன்று நிகழ்ந்தது. பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே கடதாசிக் கெஸ்கட் ஒன்று உண்டு. எண்ணெய் உள்ளே வரவும் வெளியே போகவும் அதிலே துளைகள் உண்டு. தொழில் பழகும் பையன் அதைப் புறம்மாற்றி வைத்துவிட்டான். போல்ட் துளைகள் ஏறத்தாழப் பொருந்தின. எண்ணெய்த் துளையிலே பாதி மறைந்தது. முறுக்கத் தொடங்குமுன் பாஸ் வெளிச்சத்திலே சரிந்து பார்த்து, "தம்பி, நில்லு" என்றார். ஏசவில்லை. கெஸ்கட்டை எடுத்து அவன் கையிலே கொடுத்து, எண்ணெய் எந்தத் துளையால் வந்து எந்தத் துளையால் போகிறது என்று அவனையே சொல்லச் சொன்னார். அவன் இரண்டு முறை பிழையாய்ச் சொல்லி மூன்றாம் முறை சரியாய்ச் சொன்ன பிறகே வேலை தொடர்ந்தது. ஆசிரியத் தொழிலிலே இருபது ஆண்டு கழித்த எமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

காய்ந்த பம்ப் உறிஞ்சாது. ஆகையால் பூட்டுமுன் அதன் வயிற்றை எண்ணெயால் நிரப்பினார்கள். எஞ்சின் மறுபடி உள்ளே இறங்கியது. புதிய வடிகட்டியும் புதிய எண்ணெயும் இட்டார்கள். உடனே ஓடவிடவில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, முன்னாலே சுற்றுகோலைச் செருகி, கையாலே சுற்றினார் பாஸ். முள் அசையவில்லை. இருபது சுற்று, முப்பது சுற்று. பையன் வாங்கிச் சுற்றினான். கொட்டிலிலே ஒருவரும் பேசவில்லை. பிறகு முள் ஒருமுறை துடித்து, மெல்ல எழுந்து, பத்திலே நின்றது. பாஸ் அப்பொழுதுதான் கையைத் துடைத்துத் தேநீர் கேட்டார்.

பரீட்சைக்கு முதல்நாள் வண்டியைப் பண்டாரவளை வரை ஏற்றி இறக்கினோம். அழுத்தமானியைக் கழற்றவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஏற்றத்திலே 55, தெமோதரைத் திருப்பத்திலே, எஞ்சின் நன்றாய்ச் சூடேறி மெதுவாய் ஓடுகையில், 20. செலவு ஒரு மாதச் சம்பளத்திலே பாதியை விழுங்கியது. இல்லத்தரசி அதை இன்னும் நினைவூட்டுவதுண்டு.

மறுநாள் விடியுமுன் லயத்து முன்றலிலே மாணவியர் இருவரும் சீருடையுடன் நின்றார்கள். இரவு மழை பெய்திருந்தது, பேருந்து வரவில்லை. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்தது. பின்னாலிருந்த பிள்ளை, "சேர், வெளக்கு அணைஞ்சு போச்சே" என்று பதறினாள். அணையவேண்டியதுதான் என்று சொல்லி, பதுளை வந்து சேரும்வரை எண்ணெயின் வழியைச் சொல்லிக்கொண்டே வந்தோம். வினாத்தாளிலே அது வரவில்லை.

பழைய பம்ப் இப்பொழுது எமது கல்லூரி ஆய்வுகூட மேசையிலே இருக்கிறது. பக்கத்திலே எஃகுத் தகடுக் கட்டு ஒன்றும் உண்டு. வருகிற மாணவர்கள் ஒவ்வொரு தகடாய்ச் செருகிப் பார்க்கிறார்கள்: ஆறு போகிறது, எட்டுப் போகிறது, பத்துப் போகிறது, பன்னிரண்டு மட்டும் நிற்கிறது.